பணியிலிருந்துகொண்டே தாதியத்தில் உயர்கல்வி: எந்தப் பட்டம், எந்தச் சிறப்புத் துறை?

திருமலைத் தாதி

அனைவருக்கும் வணக்கம். நான் திருகோணமலை மாவட்டத்திலுள்ள அரச வைத்தியசாலை ஒன்றின் பெண்கள் மருத்துவ விடுதியில் தாதிய உத்தியோகத்தராகக் கடமையாற்றுகிறேன். மூன்றாண்டு டிப்ளோமாவோடு சேவையில் சேர்ந்த எனக்கு, பட்டமும் அதன்பின் முதுமாணியும் படிக்க வேண்டும் என்ற எண்ணம் நீண்ட காலமாக உண்டு. பிள்ளைகள் இருவரும் பாடசாலை செல்லும் வயதினர். கணவர் துறைமுகத்தில் முறைமாற்று வேலை செய்பவர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கும் நிலையில் நான் இல்லை.

முதலில் பட்டப்படிப்பைத் தொடங்குவதா, அல்லது அதிதீவிர சிகிச்சை, சிறுநீரகம், மனநலம் போன்ற ஏதாவதொரு துறையில் சிறப்புப் பயிற்சி பெறுவதா? இணையவழியில் வெளிநாட்டு முதுமாணி தருவதாக வரும் விளம்பரங்களை நம்பலாமா? இந்த வழியில் நடந்தவர்கள் விளக்கமாக எழுதினால் என்னைப் போன்ற பலருக்கும் பயன்படும்.

மட்டுநகர்ப் பயிற்றுநர்

வணக்கம் தங்கச்சி. நீண்ட காலம் தாதிய மாணவர்களுக்குக் கற்பித்தவள் என்ற முறையில் ஒரு குழப்பத்தை முதலில் நீக்க விரும்புகிறேன். நம் நாட்டில் பட்டமும் சிறப்புத் தேர்ச்சியும் ஒரே பாதையில் வருபவை அல்ல. பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். அதிதீவிர சிகிச்சை, சத்திரசிகிச்சைக் கூடம், தொற்றுக் கட்டுப்பாடு போன்ற துறைகளில் உங்களைப் பயிற்றுவித்து அந்தப் பிரிவில் கடமைக்கு அமர்த்துவது சுகாதார அமைச்சு. விடுதி முகாமைத்துவம், கற்பித்தல், பொதுச் சுகாதாரத் தாதியம் ஆகியவற்றுக்கான அடிப்படைக்குப் பிந்திய பயிற்சிகளும் அமைச்சின் வழியாகவே கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றை முடித்தால் மற்றொன்று தானாக வந்துசேரும் என்று எதிர்பார்த்துப் பிறகு மனம் சோர்ந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டத்தைப் பொறுத்தவரை, க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றின் அடிப்படையில் நேரடியாகச் சேரும் நான்காண்டு விஞ்ஞானமாணிப் பட்டம் ஒன்று. கிழக்குப் பல்கலைக்கழகம் இதை மட்டக்களப்பிலுள்ள சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் நடத்துகிறது. யாழ்ப்பாணம், பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, ருகுணு ஆகிய பல்கலைக்கழகங்களிலும் இது உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகம் தாதியத்துக்கெனத் தனிப் பீடமே வைத்திருக்கிறது. ஆனால் இவை பாடசாலையை விட்டு வருபவர்களுக்கானவை. சேவையில் உள்ள டிப்ளோமாக்காரர்களுக்குப் பெரிய வாசலைத் திறந்தது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்போடு 1994இல் அங்கே தொடங்கிய தாதிய விஞ்ஞானமாணிப் பட்டம் இன்றுவரை வேலை செய்துகொண்டே படிப்பவர்களின் முதன்மையான வழியாக இருக்கிறது.

டிப்ளோமாவைப் பட்டமாக உயர்த்தவெனத் தனியார் நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து தரும் மேலதிகப் பட்டங்களும் உள்ளன. பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்பதையும், 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபை ஏற்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். நிறுவனத்தின் முகவர் வாய்மொழியாகச் சொல்வதைப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிண்ணியா அதிதீவிர சிகிச்சை

அக்கா, நான் திறந்த பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவள். படிப்பின் கடினம் பாடத்தில் இல்லை. உடலின் இயக்கம், நோயியல், மருந்தியல் எல்லாம் விடுதியில் தினமும் கண்ணால் காண்பவை; புத்தகத்தில் படிக்கும்போது நேற்றைய நோயாளியின் முகமே நினைவுக்கு வரும். கடினம் ஆங்கிலத்தில் எழுதுவதில்தான். நாம் தமிழில் படித்து வளர்ந்தவர்கள், கடமையில் தமிழிலும் சிங்களத்திலும் பேசுபவர்கள். ஆங்கிலம் நமக்கு நோயாளர் அறிக்கைத் தாளில் எழுதும் சிறு குறிப்புகளோடு நின்றுவிடுகிறது. ஓர் ஒப்படையில் நான்கு பக்கத்துக்கு ஒரு கருத்தை நிறுவி, ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். ஆகவே விண்ணப்பிக்க முன்னரே ஆங்கில எழுத்துக்கு ஓராண்டு ஒதுக்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். நாளுக்கு ஒரு நோயாளியைப் பற்றி, பெயரோ அடையாளமோ இல்லாமல், பத்து வரி ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவது எனக்கு மிகவும் உதவியது.

அடுத்தது பயணம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏ15 வீதியால் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். கொழும்புக்கு அதன் இருமடங்கு. பகல் வகுப்பும் மருத்துவப் பயிற்சியும் வைக்கப்படும் நாள்களில் கடமையை மாற்றிக்கொள்ள சக தாதியர் ஒத்துழைக்காவிட்டால் படிப்பு நின்றுவிடும். எங்கள் பிரிவில் இரண்டு பேர் ஒரே காலத்தில் படிக்கிறோம். ஒருவர் வகுப்புக்குப் போனால் மற்றவர் இரவுக் கடமையை எடுத்துக்கொள்வார். பொறுப்புத் தாதியிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே கல்வி நாட்காட்டியைக் கொடுத்துவிட்டால் கடமை அட்டவணை போடும்போது அவருக்கும் இலகு.

விடுதிச் சகோதரி

மன்னிக்க வேண்டும், நான் சற்று வேறுபட்ட கருத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டம் பெற்ற பிள்ளைகள் பலர் நோயாளியின் கட்டிலருகே நிற்பதில்லை. கற்பித்தலுக்கோ நிர்வாகத்துக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். விடுதியில் ஐம்பது நோயாளருக்கு மூன்று தாதியர் நிற்கும் நிலையில், படிப்பு லீவில் ஒருவர் போனால் மீதிச் சுமை யார் தலையில் விழுகிறது? ஊசி போடவும், புண் கட்டவும், ஒருவர் மூச்சுத் திணறத் தொடங்குவதை முகத்தைப் பார்த்தே அறியவும் அனுபவம்தான் கற்றுத் தருகிறது. நான் உயர்கல்விக்கு எதிரானவள் அல்ல. ஆனால் அதை நாடும் ஒவ்வொருவரும் தம் விடுதிக்கு அதனால் என்ன திரும்பி வரும் என்பதற்கு விடை வைத்திருக்க வேண்டும்.

மட்டுநகர்ப் பயிற்றுநர்

சகோதரி சொன்ன கேள்வி மிக நியாயமானது. அதற்குப் பதில் சொல்லச் சான்று இருக்கிறது. இரு பக்கத்துக்கும் இருக்கிறது.

தாதிய ஆய்வாளர் லிண்டா ஏய்க்கனும் அவருடைய குழுவினரும் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் 300 வைத்தியசாலைகளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சை நோயாளரின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் லான்செற் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். ஒரு வைத்தியசாலையில் பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் 10 சதவீதம் கூடும்போது, நோயாளி அனுமதிக்கப்பட்டு 30 நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவதோடு தொடர்புபட்டிருந்தது. அதே ஆய்வில், ஒரு தாதி பார்க்க வேண்டிய நோயாளர் எண்ணிக்கையில் ஒருவர் கூடினால் இறப்பு வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதோடு தொடர்புபட்டிருந்தது. முதல் முடிவை மட்டும் எடுத்துக் காட்டுபவர்கள் இரண்டாவதை மறைக்கக் கூடாது. படித்த தாதியரும் வேண்டும், போதிய எண்ணிக்கையில் தாதியரும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து மற்றதைப் பறிக்கும் ஏற்பாடு நோயாளிக்கு நன்மை செய்யாது. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, காரணத்தை நிறுவும் ஆய்வு அல்ல என்பதையும், அது ஐரோப்பாவில் நடந்தது என்பதையும் மனத்தில் வைத்தே வாசிக்க வேண்டும்.

முகத்தைப் பார்த்தே மூச்சுத் திணறலை அறிவது அனுபவம் என்று சகோதரி சொன்னது உண்மை. அந்த அறிவை மற்றொருவருக்குக் கைமாற்ற, ஏன் அப்படி நடக்கிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்; இரவு இரண்டு மணிக்கு வைத்தியரைத் தொலைபேசியில் எழுப்பி, மூச்சு வேகம் இவ்வளவு, ஒட்சிசன் செறிவு இவ்வளவு, இரண்டு மணித்தியாலத்தில் இப்படி மாறியிருக்கிறது என்று சொல்லி அவரை வரவழைக்கவும் தெரிய வேண்டும். நல்ல பட்டப்படிப்பு அதைத்தான் பழக்குகிறது.

திருமலைத் தாதி

சகோதரி, உங்கள் கேள்விக்கு விடை தேடித்தான் நான் இந்த இழையைத் தொடங்கினேன் என்று எண்ணுகிறேன். வெளிநாடு போவது என் நோக்கம் அல்ல. இந்த மாவட்டத்திலேயே இருந்து, இங்குள்ள நோயாளருக்கு இப்போது கிடைக்காத ஒன்றைச் செய்ய விரும்புகிறேன். அப்படியானால் எந்தத் துறை?

சிறுநீரகப் பிரிவு

தங்கச்சி, நான் இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) பிரிவில் நீண்ட காலம் இருப்பவள். பதவிசிறிபுரவும் அதைச் சூழ்ந்த விவசாயக் கிராமங்களும் நம் மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. காரணம் உறுதியாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தைப் போலவே அந்தப் பகுதியையும் வாட்டுகிறது. எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் வயலில் உழைத்த ஆண்கள். சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ இல்லாமலேயே சிறுநீரகம் செயலிழந்து வருபவர்கள்.

இயந்திரத்தை இயக்கப் பயிற்சி போதும். அதற்கு மேல் உள்ள வேலைகளுக்கு, அதாவது நோய் முற்றும் முன்னரே கண்டறியப்பட்டவரைத் தொடர்ந்து கவனிப்பது, எந்த மருந்தை எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை வைத்தியருக்கு நினைவூட்டுவது, வயிற்றறை வழியாக வீட்டிலேயே சுத்திகரிப்புச் செய்யக் குடும்பத்தைப் பழக்குவது, சுத்திகரிப்பை நிறுத்த விரும்பும் முதியவரோடும் அவருடைய பிள்ளைகளோடும் உட்கார்ந்து பேசுவது ஆகியவற்றுக்கு, ஆழ்ந்த படிப்பு வேண்டும். இந்தக் கடைசி வேலையைச் செய்ய எங்களில் எவருக்கும் முறையாகக் கற்பிக்கப்படவில்லை. அழுதுகொண்டு நிற்கும் மகனுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறோம். சிறுநீரகத் தாதியத்தையும், குணமாக்க முடியாத நோயின் வேதனையைத் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் இணைத்துப் படித்த ஒருவர் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்தால் அது எத்தனை குடும்பத்துக்கு ஆறுதல் என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

மூதூர்ச் சமூகத் தாதியம்

சமூகத் தாதியத்தையும் மறக்க வேண்டாம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது, வைத்தியசாலைக் கட்டில்கள் நிரம்பிய பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. காய்ச்சல் குறையும் நாளே அபாயம் தொடங்கும் நாள் என்பதைத் தாய்மாருக்கு வீட்டில் சொல்ல ஆளில்லாமல் போனால் விடுதியில் எத்தனை தாதியர் நின்றும் போதாது. பொதுச் சுகாதாரத் தாதியச் சகோதரி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் குடும்பநல உத்தியோகத்தர்களை மேற்பார்வை செய்பவர். அந்தப் பதவிக்குச் செல்லும் வழி பயிற்சியின் ஊடாக இருக்கிறது. மனநலமும் அப்படியே. போரும் 2004 கடற்கோளும் கடந்த ஊர் இது. சிகிச்சையை இடையில் விட்டவரைத் தேடி வீட்டுக்குச் செல்லும் மனநலத் தாதிக்கு இங்கே வேலை முடியாது.

வேலூர் மாணவர்

இந்தியாவில் படித்தவன் என்ற முறையில் சில விவரங்கள். இந்தியத் தாதியர் கவுன்சிலின் ஒழுங்கின்படி டிப்ளோமா முடித்தவர்களுக்கு இரண்டாண்டு அடிப்படைக்குப் பிந்திய பி.எஸ்ஸி. உண்டு, அதன்பின் இரண்டாண்டு எம்.எஸ்ஸி. இந்த முதுமாணியை மருத்துவ-சத்திரசிகிச்சைத் தாதியம், மகப்பேறும் பெண்ணோயும், குழந்தை நலம், மனநலம், சமூக நலம் ஆகிய ஐந்து பிரிவுகளில் ஒன்றில் செய்யலாம். மருத்துவ-சத்திரசிகிச்சைப் பிரிவுக்குள் இதயம், சிறுநீரகம், நரம்பு, புற்றுநோய் என உட்பிரிவைத் தேர்ந்தெடுக்க முடிகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1946இலேயே தாதியப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. ஆகவே அங்கே கற்பிப்பவர்களின் பின்னால் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. தமிழில் பேசும் நோயாளரிடம் பயிற்சி பெறலாம் என்பது நம்மவர்களுக்குப் பெரும் வசதி. அதிதீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் (உயர்நிலைத் தாதி) என்ற வதிவிட முதுமாணியையும் கவுன்சில் அறிமுகப்படுத்தியிருக்கிறது. அதில் மாணவர் நேரத்தின் பெரும்பகுதியைக் கட்டிலருகேயே செலவிடுவார்.

குறை என்னவென்றால் இவை முழுநேரப் படிப்புகள். லீவு பெற்றுத்தான் வர வேண்டும். வெளிநாட்டவர் தம் தகுதிக்குக் கவுன்சிலிடம் சமநிலைச் சான்றும் பெற வேண்டும்.

உவர்மலையிலிருந்து ஹூஸ்டன்

இணையவழி வெளிநாட்டு முதுமாணி பற்றி அக்கா கேட்டிருந்தார். நான் அமெரிக்காவில் வேலை செய்துகொண்டே அப்படிப் படித்தவள். ஆகவே அதன் உள்ளமைப்பை எழுதுகிறேன்.

இங்கே முதுமாணி என்பது இரு வகைப்படும். கற்பித்தல், நிர்வாகம், தகவல் முறைமை போன்றவற்றுக்கான முதுமாணியை ஏறத்தாழ முழுவதுமாக இணையத்தில் முடிக்கலாம். நோயாளரை நேரடியாகப் பரிசோதித்து மருந்து எழுதும் உயர்நிலைத் தாதியம் வேறு. அது நர்ஸ் பிராக்டிஷனர், சிறப்புத் துறை மருத்துவத் தாதி, மயக்கமருந்துத் தாதி, மகப்பேற்றுத் தாதி என நான்கு வகை. இவற்றின் பாடங்கள் இணையத்தில் இருந்தாலும் நூற்றுக்கணக்கான மணித்தியாலப் பயிற்சியை ஒரு மேற்பார்வையாளரின் கீழ் நேரில் செய்ய வேண்டும். அந்த நாட்டின் தாதியர் உரிமமும் கையில் இருக்க வேண்டும். வேலை செய்யும் தாதியர் இங்கே தடுக்கி நிற்பது பாடத்தில் அல்ல, அந்த மேற்பார்வையாளரைத் தேடிப் பிடிப்பதில்தான். ஆகவே எந்தக் கல்லூரியிடமும் நான் முதலில் கேட்கச் சொல்வது, பயிற்சி இடத்தை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா அல்லது மாணவரே தேட வேண்டுமா என்பதைத்தான்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் குடும்பம், முதிர்ந்தோரும் முதியோரும், சிசு, குழந்தை, பெண்கள் நலம், மனநலம் என்று ஒரு மக்கள்பிரிவைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்ய வேண்டும்; பின்னர் மாற வேண்டுமானால் இன்னொரு சான்றிதழ் படிக்க நேரும். மயக்கமருந்துத் தாதியத்துக்கு இப்போது முனைவர் நிலைப் படிப்பே நுழைவுத் தகுதி. நர்ஸ் பிராக்டிஷனர் பதவி 1965இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் லொரெற்றா ஃபோர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்தது. வைத்தியர் எட்டாத குழந்தைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் மாவட்டத்தின் உட்கிராமங்கள்தான் நினைவுக்கு வரும்.

ஆனால் தெளிவாகச் சொல்கிறேன்: இலங்கையில் அப்படியொரு பதவிக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை. அமெரிக்கப் பட்டத்தைத் திருகோணமலையிலிருந்தபடியே வாங்கினாலும் மருந்து எழுதும் உரிமை உங்களுக்கு வராது. நாட்டிலேயே இருப்பதுதான் நோக்கமென்றால் அந்தப் பணத்தை வேறு வழியில் செலவிடுங்கள்.

எங்கே போனாலும் போகாவிட்டாலும் ஒரு வேலையை இப்போதே செய்து வையுங்கள். வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் ஆகியவற்றில் எத்தனை மணித்தியாலம் பாடமும் பயிற்சியும் பெற்றீர்கள் என்று தனித்தனியாகக் கேட்கின்றன. மனநலத்தில் மணித்தியாலம் பதிவாகாததால் காத்திருக்க நேர்ந்தவர்கள் உண்டு. உங்கள் பயிற்சிக் கல்லூரியிலிருந்து மணித்தியாலம் குறிப்பிட்ட பாடவிவரத்தை முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிண்ணியா அதிதீவிர சிகிச்சை

பிரித்தானியாவைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக: அங்குள்ள தாதியர் சபையில் பதிய ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலத் தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு ஆகியவற்றில் 7, எழுத்தில் 6.5 வேண்டும், அதன்பின் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. மீண்டும் எழுத்து ஆங்கிலத்திலேயே வந்து நிற்கிறோம்.

விடுதிச் சகோதரி

லீவு பற்றி எவரும் எழுதவில்லை. அரச ஊழியருக்கான தாபனவிதிக் கோவையில் கல்வி லீவுக்கு இடமுண்டு. சம்பளத்துடன் லீவு பெற்றால் பிணைமுறி எழுதிக் குறித்த காலம் சேவை செய்ய வேண்டும். பிணைமுறியின் ஒவ்வொரு வரியையும் கையொப்பமிட முன் வாசியுங்கள், பிணை நிற்பவரையும் வாசிக்கச் சொல்லுங்கள். 2022இல் சம்பளமற்ற நீண்ட லீவுக்கும் சுற்றறிக்கை வழியாக இடம் கிடைத்தது. ஆனால் சுகாதாரச் சேவையில் ஆளணியைப் பார்த்தே விடுவிப்பார்கள். விண்ணப்பத்தில் உங்கள் படிப்பு எந்தப் பிரிவுக்கு எவ்வாறு பயன்படும் என்று ஒரு பக்கம் எழுதி இணைத்தால் தாதியரின் தலைவியான மேற்றனும் பணிப்பாளரும் பரிந்துரைப்பது இலகுவாகும். சிறுநீரகப் பிரிவுத் தங்கச்சி எழுதியதை வாசித்த பிறகு, என் விடுதியிலிருந்து ஒருவர் அதற்காகக் கேட்டால் நானே பரிந்துரை எழுதுவேன்.

திருமலைத் தாதி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வாசித்துக் கணவரோடும் பேசினேன். முதலில் சிறுநீரகப் பிரிவுக்கு இடமாற்றமும் பயிற்சியும் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறேன். அங்கே வேலை செய்தபடியே ஆங்கில எழுத்தைப் பழகி, அடுத்த ஆட்சேர்ப்பில் திறந்த பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பேன். பட்டத்தின் ஆய்வுப் பகுதியை, சுத்திகரிப்புப் பெறும் விவசாயக் குடும்பங்களின் தேவைகள் பற்றிச் செய்யலாமா என்று இப்போதே யோசிக்கிறேன். முதுமாணியைப் பிள்ளைகள் சற்று வளர்ந்த பின் பார்ப்போம். ஒரு கேள்வி மட்டும் மீதம்: பயிற்சிக் கல்லூரிக்குப் பாடவிவரம் கேட்டு எழுதும்போது என்னென்ன குறிப்பிட வேண்டும்?

மட்டுநகர்ப் பயிற்றுநர்

உங்கள் குழு எண், பயிற்சி தொடங்கிய மற்றும் முடித்த திகதிகள், தாதியர் சபைப் பதிவு இலக்கம், தேசிய அடையாள அட்டையின் பிரதி ஆகியவற்றோடு அதிபருக்கு எழுதுங்கள். டிப்ளோமாவுக்குப் பின் பெயர் மாறியிருந்தால் திருமணச் சான்றிதழையும் இணையுங்கள். பாடம், செய்முறைப் பயிற்சி இரண்டினதும் மணித்தியாலங்கள் துறைவாரியாகத் தனித்தனியே வேண்டும் என்று கடிதத்திலேயே தெளிவாகக் கேளுங்கள். இரண்டு மூலப்பிரதிகள் பெற்று ஒன்றை உறை பிரிக்காமல் வைத்திருங்கள். முடிந்தால் வார நாளொன்றில் நேரில் போங்கள். பழைய பதிவேடுகளைத் தேடி எடுக்க அலுவலகத்தில் ஒருவர் ஒதுக்கப்பட வேண்டியிருக்கும், ஆகவே முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போவது நல்லது.